சுவாவிலிருந்து வந்த பானகம்

ஆர்வக்கோளாறு ஒரு வியாதி என்று எந்த டாக்டரும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு அது பிறவியிலேயே உண்டு.

என் அண்ணனுக்கு பிஜி நாட்டின் தலைநகரான சுவாவில், துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் வேலை. லீவில் பெங்களூரு வரும்போதெல்லாம் அவனைக் குடைவேன். அங்கே என்ன வாசனை அடிக்கும்? மழை எப்படிப் பெய்யும்? "போடி, எல்லா ஊரு மாதிரிதான்" என்பான். அதனால் அவன் பெட்டியைத் திறந்தேன். (எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் திருட்டு இல்லை, உரிமை.) உள்ளே ஒரு பொட்டலம் பழுப்புப் பொடி, மண்ணும் மிளகும் கலந்த வாசனையோடு. ஏதோ வேர்ப்பொடி என்பது மட்டும் புரிந்தது.

அன்றைக்குத்தான் அண்ணனுக்குப் பார்த்த பெண்ணின் வீட்டார் ஓசூரிலிருந்து எங்கள் ஜீவனஹள்ளி வீட்டைப் பார்க்க வந்தார்கள். தீவு என்றதுமே முந்தைய வரன்கள் எல்லாம் கழன்றுகொண்டன. இதுவும் போனால் அம்மா தாங்கமாட்டாள். பெண்ணின் அப்பா வக்கீல். ஏகப்பட்ட கேள்விகளோடு வந்திருந்தார். வழக்கத்தை மீறிப் பெண்ணும் வந்திருந்தாள்.

அண்ணன் குளித்துக்கொண்டிருந்தான். சுவாவின் ருசியைக் காட்டினால் இவர்கள் மனசு இளகும் என்று எனக்குத் தோன்றியது. பொடியைத் தண்ணீரில் பிசைந்து வடிகட்டி, வெல்லம், எலுமிச்சை, ஏலக்காய் சேர்த்து, பானகமாக்கி எல்லோருக்கும் கொடுத்தேன்.

வக்கீல் மரியாதைக்கு ஒரே மூச்சில் குடித்தார். "அந்த ஊர்ல ஆஸ்பத்திரி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்று உதட்டைத் தடவிப் பார்த்தார். அம்மா என் கையைப் பிடித்தாள். "ஏன்டி, என் நாக்கு எங்கடி போச்சு?"

அண்ணன் ஈரத்தலையோடு ஓடிவந்து டம்ளரை மோந்தான்.

"அடிப்பாவி மாலா, காவா வேர்ப்பொடியக் கரைச்சுக் குடுத்துட்டியா! பயப்படாதீங்க மாமா, நாக்கு கொஞ்ச நேரம் மரத்துப்போகும், அவ்ளோதான்." (பதற்றத்தில் 'மாமா' என்றே சொல்லிவிட்டான்.) "அங்க வீட்டுக்கு வர்ற பெரியவங்களுக்கு இதத்தான் குடுப்பாங்க. பாயில வட்டமா உக்காந்து, கையத் தட்டிட்டு வாங்கிக் குடிக்கணும்."

வக்கீலின் கேள்விகளும் நாக்கோடு மரத்துப்போயின. பெண் ஆரம்பித்தாள்.

"எதுக்குக் கை தட்டணும்? பாய எதுல பின்னுவாங்க? வீட்டுலேர்ந்து பாத்தா கப்பல் தெரியுமா?"

எல்லாம் நான் கேட்கவேண்டிய கேள்விகள். என்னிடம் வாயே திறக்காத அண்ணன் அவளுக்கு விலாவாரியாகச் சொன்னான். பொறாமையாக இருந்தது, ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கடைசியில் அவள் டம்ளரை நீட்டி, "சக்கத்தா இருக்கு, இன்னும் கொஞ்சம்" என்று கன்னடம் கலந்து குழறினாள்.

வக்கீல் மகளையே பார்த்தார். நாக்கு இன்னும் புரளவில்லை. கையை ஒருமுறை தட்டினார். அம்மா அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, உடனே தாம்பூலத் தட்டை எடுக்க ஓடினாள்.

இப்போது அண்ணி சுவாவிலிருந்து வீடியோவில் துறைமுகத்தைக் காட்டுகிறாள். இங்கே, எந்த வரன் வீட்டில் யார் அதிகம் பேசினாலும், "மாலா கையால ஒரு டம்ளர் குடுங்க" என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிக்கிறார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அம்மா செய்த முதல் காரியம், சமையலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டது.