கோசோங் சொன்ன வாய்

என் அக்கா புருஷனை நான் ஒரு தடவை கொல்லப் பார்த்தேன். டெலிபோனில், ஒரே ஒரு வார்த்தையால். குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், அதனால் ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. (பொய். வெட்கம் நிறையவே இருக்கிறது. வயசாகிவிட்டதால் முகத்தில் தெரிவதில்லை, அவ்வளவுதான்.)

மெர்டேக்கா வந்த வருஷம். நாடு சுதந்திரம் வாங்கிய மிதப்பில் இருந்தது. நான் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணிய மிதப்பில் இருந்தேன். காஜா பெராங்கில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி டாக்டர் சிதம்பரநாதனின் கிளினிக். அதன் பின்னறையில் அவர் ஒரு சின்னப் பரிசோதனைக்கூடம் வைத்திருந்தார். அங்கே எனக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. அதற்கப்புறம் தெருவில் தரையைப் பார்த்து நடப்பதையே விட்டுவிட்டேன். இரண்டு தடவை சாக்கடையில் காலை விட்டதும் அந்த நாட்களில்தான்.

டாக்டர் ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வந்த புதிதில் எந்தச் சீழையும் வற்ற வைத்த பெனிசிலின், இப்போது சில பேருக்கு எவ்வளவு போட்டாலும் கேட்பதில்லை. கிருமிகளுக்கு அது பழகிவிட்டது என்றார் டாக்டர். யாருடைய கிருமி எந்த மருந்துக்கு மசியும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. கண்ணாடித் தட்டில் அகர்-அகர் காய்ச்சி ஊற்றி (ஆமாம், தீபாவளிக்குத் துண்டு போட்டுத் தின்கிற அதே அகர்-அகர்தான், நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு அம்மா அதை வீட்டில் செய்வதையே விட்டுவிட்டார்), நோயாளியின் சீழை அதன்மேல் தடவி, மருந்தில் நனைத்த காகிதப் பொட்டுகளை வைத்து, ஒரு நாள் சூட்டுப்பெட்டியில் விட வேண்டும். கிருமி தட்டு முழுக்கப் பாலாடை மாதிரி படியும். வேலை செய்கிற மருந்தைச் சுற்றி மட்டும் ஒன்றும் வளராமல் ஒரு தெளிந்த வட்டம் தெரியும். வேலை செய்யாத மருந்தென்றால் கிருமி பொட்டை ஒட்டியே வளர்ந்து நிற்கும். வட்டத்தை அடிமட்டம் வைத்து அளந்து எழுத வேண்டும். வட்டம் பெரிசானால் மருந்து நல்ல மருந்து.

அந்தச் சமயம் பார்த்து ஆறுமுகம் அத்தானுக்கு முதுகில் ராஜபிளவை வந்தது. அத்தான் குருபோங் பக்கம் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். சாய்ந்து உட்கார முடியாமல் ஒரு வாரம் ஸ்டீரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார், மனிதர். காய்ச்சல் ஏறியதும், புக்கிட் பாருவில் எங்கள் டாக்டர் நடத்திய நாலு கட்டில் மருத்துவமனையில் சேர்த்தோம். ருக்மணி அக்கா ஆறு மாத வயிற்றோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பெனிசிலின் போட்டும் கட்டி அசையவில்லை. டாக்டர் சீழெடுத்து என்னிடம் கொடுத்தார். அவருக்கு அன்றைக்கே சிங்கப்பூர் போக வேண்டியிருந்தது.

"கமலா, நாளைக்குப் பத்து மணிக்குத் தட்டை எடு. பெனிசிலின், புது மருந்து எரித்ரோமைசின், ரெண்டு வட்டத்தையும் அளந்து மாரிமுத்துவுக்குப் போன் போடு. எது பெருசோ அந்த மருந்தை அவர் கொடுப்பார். எண்ணை மட்டும் சொல்லு, போதும்" என்றார்.

மாரிமுத்து அண்ணன் அங்கே டிரெஸ்ஸர். டாக்டர் இல்லாதபோது ஊசி, மாத்திரை எல்லாம் அவர் பொறுப்பு.

மறுநாள் தட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். பெனிசிலின் பொட்டைச் சுற்றிக் கிருமி அப்பிக் கிடந்தது. புது மருந்தைச் சுற்றிக் கழுவித் துடைத்தது போல அகலமாய் ஒரு வட்டம். கண்ணிருக்கிற யாருக்கும் தெரிகிற விஷயத்தை எதற்கு அளந்துகொண்டு? அடிமட்டமெல்லாம் படிக்காதவர்களுக்கு என்று நினைத்தேன். (இப்படித்தான் நினைத்தேன். அந்தப் பெண் இப்போது எதிரே வந்தால் காதைத் திருகிவிடுவேன்.)

போனில் மாரிமுத்து அண்ணன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பெனிசிலின் என்னா, தங்கச்சி?"

"சுத்தி நெறைய இருக்குண்ணே."

"புது மருந்து?"

"கோசோங்."

"என்னாது?"

"கோசோங்ணே. ஒண்ணுமே இல்ல. சுத்தமா கோசோங்."

"சரி, எழுதிக்கிட்டேன்" என்று வைத்துவிட்டார்.

கோசோங் என்பது மலாய்க்காரரிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட சொல். வீடு காலியாக இருந்தால் கோசோங். டெலிபோன் நம்பரில் வருகிற சைபரும் கோசோங்தான். கிருமி காலி என்று நான் சொன்னேன். எண்ணுக்காகக் காத்திருந்த மனிதர், வட்டம் சைபர் என்று எழுதிக்கொண்டார். பெனிசிலினுக்கு வட்டம் நிறைய இருக்கிறதாம், கொடுத்த அளவுதான் பத்தவில்லை போல என்று அதையே இரண்டு பங்காக்கி ஏற்றினார். கிருமிக்கு அது பச்சைத் தண்ணீர்.

நான் தினமும் சாயங்காலம் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். இரண்டாம் நாள் அத்தானுக்கு நினைவு தப்பிவிட்டது. கட்டிலில் குப்புறப் படுத்தபடி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வாசல்ல நிக்காதீங்கம்மா, உள்ள தள்ளிப் போங்க" என்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் ஏறிட்டாங்க, நீங்க ஓட்டுங்க" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சூடு கொறையவே இல்லையே கமலா. நீ சரியாத்தான் பாத்தியா?"

"மருந்து குடுத்தா ஒடனே கேக்குமா? இதெல்லாம் நான் படிச்சிருக்கேன்கா. நீ படிச்சிருக்கியா?"

அக்கா அதற்கப்புறம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். என் மண்டையில் ஒரு குட்டு வைத்துக் கேட்டிருக்கலாம்.

நாலாம் நாள் காலை டாக்டர் திரும்பினார். பாராட்டுவார் என்று தலை சீவிப் பவுடர் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். அவர் புக்கிட் பாரு போய்விட்டு நேரே பின்னறைக்கு வந்தார். ஐஸ்பெட்டியிலிருந்து தட்டை எடுத்து ஜன்னலில் பிடித்தார்.

"இதுல எது வேலை செய்யுது?"

"புது மருந்து, டாக்டர்."

"மாரிமுத்துகிட்ட என்னா சொன்னே?"

"கோசோங்னு..."

என் வாயிலிருந்து வந்ததை அப்போதுதான் நானே கேட்டேன். டாக்டர் தட்டை மேஜையில் வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகக் காருக்குப் போனார். திட்டியிருந்தால் நின்று அழுதிருப்பேன். அதற்குக்கூட ஆள் இல்லை.

புது மருந்து கொடுக்க ஆரம்பித்தும் இரண்டு நாள் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. வார்டுக்குள் போகத் தைரியம் இல்லை. வெளியே தண்ணீர்க் குழாயடியில் நின்றேன். அக்காவின் வயிற்றை ஜன்னல் வழியாகப் பார்க்கும்போதெல்லாம் செத்துப் போகலாம் போலிருந்தது. அப்பா முகம் பார்க்காமல் ஒரு பிள்ளை பிறக்கப் போகிறது, என்னால். சாமியிடம் வேண்டிக்கொள்ளவும் வாய் வரவில்லை. அதையும் தப்பாகச் சொல்லித் தொலைத்துவிட்டால் என்ன செய்வது?

மூன்றாம் நாள் அத்தான் கண்ணைத் திறந்து கோப்பி கேட்டார். பிழைத்துக்கொண்டார். முதுகில் வாத்து முட்டை உட்காருகிற அளவுக்குக் குழி விழுந்தது. டாக்டர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை, "எண் மட்டும். வார்த்தை வேண்டாம்" என்று எழுதி டெலிபோனுக்கு மேலே ஒட்டிவிட்டார். என் கல்யாணம் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டுதான் போன் பேசினேன்.

அத்தானுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் சட்டையைத் தூக்கிக் குழியைக் காட்டாமல் பந்தியில் உட்காரமாட்டார். "எங்க மச்சினிச்சி படிச்ச படிப்புக்குக் கெடைச்ச சர்ட்டிபிகேட்டு" என்பார். கடையில் யாராவது சீனி போடாத டீக்கு 'தே கோசோங்' என்று கேட்டால் மொத்தக் குடும்பமும் என் பக்கம் திரும்பும். நானும் சிரித்துவிடுவேன். வேறென்ன செய்வது?

அக்கா மட்டும் சிரித்ததே இல்லை. இத்தனை வருஷமும், என்னை மன்னிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். போன தீபாவளிக்கு அத்தான் கூடத்தில் கதையை ஆரம்பித்ததும் அவள் வழக்கம்போல் எழுந்து சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே போய், "இன்னுமா என்மேல கோவம்?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா முறுக்கு டின்னைத் திறந்து மூடினாள்.

"உன்மேல எனக்கு என்னடி கோவம்? அந்த ரெண்டாம் நாளு, மாரிமுத்து அண்ணன் வந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரலாமான்னு கேட்டாரு. எந்தங்கச்சி பாத்துச் சொல்லியிருக்கா, வேணாம்னு நாந்தான் சொன்னேன். இதுவரைக்கும் உங்க அத்தான்கிட்டகூட சொன்னதில்ல."

கூடத்தில் அத்தான் சட்டையைத் தூக்கியிருப்பார் போல. எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் முறுக்கைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தோம்.