ஏழாவது பழக்கம்

அருவிக்கடியில் நின்று அன்றைய உண்மையைக் கத்தி முடித்த பிறகுதான், பக்கத்தில் ஒருவர் கண்ணைத் திறந்து தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது நெல்லையப்பன் வாத்தியாருக்குத் தெரிந்தது. குற்றாலத்துத் தண்ணீர் தலையில் இடிக்கும்போது யாருக்கும் கண் திறக்காது. இந்த மனிதருக்கு மட்டும் எப்படித் திறந்தது என்று யோசிப்பதற்குள் அவர் அவசரமாக வெளியேறினார்.

அருவிக்குள் எண்ணெயும் துண்டுமாக நிற்கும்வரை கலெக்டரும் கட்டைவண்டிக்காரரும் ஒன்றுதான். வெளியே வந்து உடுத்திய பிறகுதான் யார் எவர் என்று தெரியும். அந்த மனிதர் வேட்டி கட்டினார், சட்டை போட்டார், அதற்கு மேல் கோட்டும் போட்டார். மூக்குக்கண்ணாடியை மாட்டி, அடர்ந்த மீசையைத் துடைத்துக்கொண்டார். குடையோடு ஓடிவந்தவன் மாடன். போன வருஷம் இன்ஸ்பெக்டரோடு பள்ளிக்கூடத்துக்கு வந்த அதே பியூன்.

அப்படியானால் இவர்தான் புதிதாக வந்திருக்கும் டெபுடி இன்ஸ்பெக்டர். அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். நெல்லையப்பனுக்கு அருவித் தண்ணீரில் வராத நடுக்கம் அப்போது வந்தது.

எல்லாம் ஒரு சின்னப் புத்தகம் செய்த வேலை. தென்காசியில் மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் கடையில் வாங்கியது. விழிப்போடு வாழப் பத்துப் பழக்கங்கள் அதில் இருந்தன. நாலரை மணிக்கு எழுந்திருப்பது பழகிவிட்டது. ஒரு கவளத்தை முப்பத்திரண்டு தடவை மெல்லுவதில்தான் கொஞ்சம் சிரமம். இரண்டாவது இட்லி முடிவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். ஏழாவது பழக்கம்தான் ஆளைக் கவிழ்த்தது. பொய் அறவே கூடாது. மறைத்து வைத்த உண்மை ஒன்றைத் தினமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

முதல் உண்மையை மனைவி வடிவாம்பாளிடம் சொன்னார். அவள் தம்பி கல்யாணத்துக்கு வராமல் போனது காய்ச்சலால் அல்ல, மனமில்லாததால்தான் என்றார். நாலு நாள் வீட்டில் மோர்ச் சோறுதான். புத்தகத்தை மறுபடி படித்துப் பார்த்தார். வாய்விட்டுச் சொல் என்றுதான் போட்டிருந்ததே தவிர, யார் காதிலும் விழ வேண்டும் என்று போடவில்லை. அன்றிலிருந்து முதல் பஸ்ஸில் குற்றாலம். உண்மை தண்ணீரோடு போய்விடும், மனசும் லேசாகிவிடும்.

புதன்கிழமை சொன்னது கொஞ்சம் பெரிய உண்மை. ரிஜிஸ்தரில் நாற்பத்து மூன்று பிள்ளைகள், வருவது பத்தொன்பது. இன்ஸ்பெக்‌ஷன் அன்று அடுத்த தெருப் பள்ளிக்கூடத்திலிருந்து இருபத்து நாலு பேரை வரவழைத்து உட்காரவைப்பது வழக்கம். அவர்களுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் இங்கிருந்து அனுப்புவார்கள். இதைத்தான் பள்ளிக்கூடத்தின் பெயரோடு, தன் பெயரோடு, இன்ஸ்பெக்டரின் காதருகே நின்று கத்தியிருந்தார்.

பத்தொன்பது வருஷமாக உதவி ஆசிரியர். தலைமை ஆசிரியர் சித்திரையோடு ஓய்வு பெற்றுவிட்டார். இன்ஸ்பெக்டர் நல்லபடியாக எழுதினால் அந்த நாற்காலி நெல்லையப்பனுக்கு என்று மானேஜர் அய்யாக்குட்டி பிள்ளை சொல்லியிருந்தார். நன்றாக எழுதாவிட்டால் இருக்கிற வேலையும் போகும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே தெரியும்.

முதல் காரியமாக அடுத்த தெருவுக்கு ஓடி, ஒரு பிள்ளையையும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். பிறகு ரிஜிஸ்தரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வராத பிள்ளைகளின் வீடுகளில் ஏறி இறங்கினார். பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. ரிஜிஸ்தரில் இன்றைக்கு வரைக்கும் நாலாம் வகுப்பில் ஆஜராகிக்கொண்டிருக்கிற இசக்கிப்பாண்டி, அரும்பு மீசையோடு புனலூர் லாரியில் கிளீனராகப் போய்விட்டிருந்தான். சாயங்காலம் கணக்குப் பார்த்தால் இரவல் பிள்ளைகளும் இல்லை, சொந்தப் பிள்ளைகளும் இல்லை. அதே பத்தொன்பதுதான்.

வடிவாம்பாள்தான் வழி சொன்னாள். "பிள்ளைக கொறஞ்சாக் கொறஞ்சிட்டுப் போவுது. அருவியில கத்துன ஆளு நீங்கதாம்னு தெரியாம இருந்தாப் போதும்லா? மீசைய எடுத்துருங்க."

யோசனை பிடித்தது. அருவியில் சொன்ன பேரை அவர் மறந்திருக்கலாம். முகத்தைத்தான் மறந்திருக்க மாட்டார். நெல்லையப்பன் கண்ணாடி முன் உட்கார்ந்து இருபது வருஷத்து மீசையை வழித்தார். வழித்து முடித்த பிறகுதான் நெற்றியில் புளியங்கொட்டை அளவில் இருந்த மச்சம் கண்ணில் பட்டது. அதை வழிக்க முடியாது.

மறுநாள் காலையில் ஜவுளி வியாபாரி காஜா தெரு முனையில் அவரைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வாத்தியாரய்யா, அப்பாவா?"

அப்போதுதான் நெல்லையப்பனுக்கு உறைத்தது. அந்த ஊரில் மீசைக்காரன் ஒருவன் மீசையை எடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீரகேரளம்புதூரில் அப்பா கைலாசம் பிள்ளை எழுபத்தெட்டு வயசிலும் தினம் வயலுக்கு நடந்து போய் வந்துகொண்டிருந்தார்.

அப்பா நன்றாக இருக்கிறார் என்றார் நெல்லையப்பன். அப்படியானால் மீசை எதற்கு எடுத்தீர்கள் என்று காஜா கேட்டார். பொய் சொல்லக் கூடாது, உண்மையைச் சொல்ல முடியாது.  நெல்லையப்பனின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காஜா அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, மானேஜர் வீட்டுப் பக்கமாகச் சைக்கிளைத் திருப்பினார்.

மானேஜர் மத்தியானம் வந்தார். முகத்தில் துக்கத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாகிவிட்டது, இன்ஸ்பெக்டருக்கும் கார்டு போட்டாகிவிட்டது, பத்தொன்பது பிள்ளைகளைக் காட்டி அவமானப்படுவதற்கு இது எவ்வளவோ மேல் என்றார்.

"அப்பா உயிரோடதான் இருக்காரு அண்ணாச்சி."

மானேஜர் அவர் தோளைத் தட்டினார். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சுவே. மூணு நாளு ஆவும்."

தென்காசியில் மத்தியானம் போட்ட கார்டு மறுநாள் காலையில் போய்ச் சேராது என்பது நெல்லையப்பனுக்குத் தெரியும். அன்று ஒரு கவளத்தை நாற்பது தடவை மென்றும் தொண்டைக்குள் இறங்கவில்லை. விழிப்போடு வாழ ஆரம்பித்ததிலிருந்து ஒரு நாளாவது நிம்மதியாக இருந்தோமா என்று எண்ணிப் பார்த்தார். இல்லை. தூங்கிக்கொண்டே வாழ்ந்த பத்தொன்பது வருஷமும் நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் காலிப் பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். மானேஜர் மாலையோடு வீரகேரளம்புதூர் பஸ் ஏறிவிட்டதாகத் தகவல் வந்தது. எதிர்ப் பஸ்ஸில் கைலாசம் பிள்ளை வந்து இறங்கினார். அந்த வயசில் அவ்வளவு கோபம் உடம்புக்கு ஆகாது.

"ஏலே, அந்தக் காஜா துக்கம் கேக்க வந்தாம்லே. யாருகிட்ட? எங்கிட்டயே. கதவத் தொறந்ததும் ஆளு மயங்கி விழுந்துட்டான்." மகனின் மேலுதட்டைப் பார்த்தார். பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "நான் இருக்கையில இதப் பண்ணிட்டியேலே."

நெல்லையப்பனுக்கு அழுகை முட்டியது. அப்பாவின் காலில் விழுந்துவிடலாம் என்று எழுந்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் குடை தெரிந்தது.

கைலாசம் பிள்ளை சட்டென்று இரண்டாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு ஆஜர் அவர் ஒருவர்தான்.

டெபுடி இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். அதே கோட்டு, அதே மூக்குக்கண்ணாடி. மீசையை மட்டும் காணோம். பாவம், இவர் வீட்டிலும் துக்கம், அதோடும் கடமைக்கு வந்திருக்கிறார் என்று நெல்லையப்பன் மனசு கரைந்தது. இன்ஸ்பெக்டர் தலையை நிமிர்த்தினார். அவர் பார்வை நேராக மச்சத்தில் போய் நின்றது. முகம் வெளுத்துவிட்டது.

போச்சு, கண்டுபிடித்துவிட்டார். நெல்லையப்பன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் பிள்ளைகள் எங்கே என்று கேட்கவில்லை. பெஞ்சில் எழுபத்தெட்டு வயசு மாணவர் ஒருவர் உட்கார்ந்திருப்பதையும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ரிஜிஸ்தரைக் கேட்டு வாங்கி, திறக்காமலே கையெழுத்துப் போடப் போய், பிறகு திறந்து போட்டார். பார்வைப் புத்தகத்தில் குனிந்த தலை நிமிராமல் எழுதினார். வருகை திருப்தி, ஒழுக்கம் மிகவும் திருப்தி, இவரையே தலைமை ஆசிரியராக நியமிக்கலாம். பேனாவை மூடக்கூட மறந்து, கும்பிட்டுவிட்டு வேகமாக வெளியேறினார்.

நெல்லையப்பன் அந்த வரிகளை மூன்று தடவை படித்தார். தன் துக்கத்தைக் கொண்டு என் துக்கத்தை அளந்துவிட்டார், இவரல்லவா மனுஷர் என்று நினைத்தார். அப்பா உயிரோடு இருக்கும் உண்மையை இப்போதே ஓடிப்போய்ச் சொல்லிவிட வேண்டுமா என்ற புதுப் பயமும் கூடவே வந்தது. அதற்குள் மாடன் மட்டும் திரும்பி வந்தான். பெஞ்சிலிருந்த பெரியவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, நெல்லையப்பனின் காதருகே குனிந்தான்.

"சாரே, ஐயா ஒரு சங்கதி கேட்டுட்டு வரச் சொன்னாக. புதங்கெழம அருவியில நின்னு அவுக சத்தம் போட்டுச் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?"