பீளமேடு வெற்றிவேந்தர் கால்பந்துக் கழகத்தின் வீர வரலாறு

உலகக் கால்பந்து வரலாற்றை எழுதியவர்கள் பிரேசிலைப் பற்றியும் அர்ஜென்டினாவைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டுப் பீளமேட்டை மறந்துவிட்டார்கள். இந்த அநீதியைக் களைய வேண்டும் என்று எங்கள் ‘பீளமேடு வெற்றிவேந்தர் கால்பந்துக் கழகம்’ ஒருமனதாகத் தீர்மானித்து, எழுதும் பொறுப்பைச் செயலாளராகிய என் தலையில் கட்டியது. ஒருமனதாக என்றால், நான் டீ குடிக்கப் போயிருந்த பத்து நிமிடத்தில்.

முதல் பருவம் 2019. ஆறு ஆட்டம், ஆறு தோல்வி. இதற்குத் திறமைக் குறைவு காரணம் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். காரணம், பண்பாடு. எங்கள் தற்காப்பு ஆட்டக்காரர் சஹீர், எதிரணிக்காரர் பந்தோடு ஓடிவருவதைப் பார்த்துப் பதறிப்போய், “ஏனுங்க, பாத்து வாங்க, கோலுக்குப் பக்கத்துல ஒரு பள்ளம் கெடக்குது!” என்று எச்சரிப்பார். வந்தவர் “ரொம்ப நன்றிங்க” என்று சொல்லிவிட்டு, பள்ளத்தைச் சுற்றிப் போய்க் கோல் அடிப்பார். பள்ளத்தில் விழுந்து ஒரு கால்கூட முறியவில்லை என்பது அந்தப் பருவத்தின் சாதனை.

இரண்டாம் பருவம் 2020. நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்ததால் ஆட்டம் எதுவும் நடக்கவில்லை. ஆகவே தோல்வியும் இல்லை. ‘தோல்வியே காணாத பொன்னாண்டு’ என்று பேருந்து நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் வைத்தோம். எல்லோர் முகமும் மாஸ்க்கோடு இருந்ததால் யார் யார் என்று எங்களுக்கே தெரியவில்லை.

மூன்றாம் பருவத்தில் சீர்திருத்தம் வந்தது. கிரைண்டர் கம்பெனி நடத்தும் எங்கள் தலைவர் பாலுசாமி, தோல்விகளின் வேரைக் கண்டுபிடித்தார்.

“நமக்கு ஆட்டக்காரங்க போதுமுங்க. நிர்வாகிங்கதான் பத்தல.”

உடனே இருபத்து மூன்று பேர் கொண்ட நிர்வாகக் குழு அமைந்தது. ஒன்பது துணைத் தலைவர்கள். கோல் அடிக்கத் தெரிந்த இரண்டு பேரையும் துணைத் தலைவர் ஆக்கினோம். பதவிக்கு வந்தபின் அரை டிரவுசரோடு ஓடினால் மரியாதையாக இருக்குமா? அவர்கள் வெள்ளை வேட்டிக்கு மாறினார்கள். அந்தப் பருவத்தில் நாங்கள் வாங்கிய கோல்கள் முப்பத்தொன்று. நடத்திய கூட்டங்கள் முப்பத்திரண்டு. வித்தியாசம் எங்களுக்குச் சாதகம்.

நான்காம் பருவத்தில் ஆரோன் வந்தான். லேத் பட்டறையில் வேலை, வயது இருபத்தொன்று, கோல்கீப்பர். பந்து கோலுக்குள் போகாமல் தடுக்கலாம் என்கிற விஷயம் எங்களுக்கு அப்போதுதான் தெரியவந்தது. தோல்விகள் எல்லாம் சமநிலை ஆயின. ஆனால் அவனிடம் ஒரு பெருங்குறை இருந்தது. நிர்வாகக் கூட்டத்துக்கு வரமாட்டான், பயிற்சிக்குப் போய்விடுவான்.

ஐந்தாம் பருவம் தொடங்குமுன் அவன் அக்கா கரோலின் என்னைப் பார்க்க வந்தார். பள்ளிக்கூட ஆசிரியை. சுற்றிவளைக்காமல் பேசுகிறவர்.

“மாவட்டத் தேர்வாளர் அழகிரிசாமி ஐயாவுக்கு நாலு தடவ எழுதிப்போட்டேனுங்க. வெள்ளகோவில் மேட்சுக்கு வாரேன்னு சொல்லியிருக்காரு. மாவட்ட அணியில ஆடுனா இவனுக்கு விளையாட்டுக் கோட்டாவுல வேலைக்கு மனுப் போடலாம். இந்த வருசம் உட்டா வயசு தாண்டிருமுங்க. அவரு ஒரு மேட்ச் பாத்தாப் போதும்.”

“கவலையே படாதீங்க. அவர நாங்க பாத்துக்கறோம்” என்றேன். சொன்னபடியே பார்த்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அழகிரிசாமி வந்தார். இருபத்து மூன்று நிர்வாகிகளும் ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தினோம். சித்திரை வெயிலில் அவர் கண் மட்டும் வெளியே தெரிந்தது. நடுவர் ரசாக் இங்கிதம் தெரியாத மனிதர். மூன்றரை மணி என்றால் மூன்றரைக்கே விசில் ஊதிவிட்டார். தேர்வாளர் மைதானம் பக்கம் திரும்பினார்.

தலைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “மொதல்ல சாப்பிடலாம் வாங்க. பந்து எங்கீங்க போயிரப் போவுது?”

புழுதி பறக்காதபடி சுற்றிலும் துணி கட்டிய பந்தலுக்குள் இலை போட்டிருந்தது. சந்தகை, தேங்காய்ப் பால், நாட்டுக்கோழி, வெள்ளாட்டுக் கறி, அரிசிம்பருப்பு. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழக்கூடாது. அழகிரிசாமியும் இந்தப் பக்கத்துக்காரர்தான். அன்றைய பந்தியில் கடைசி ஆள் எங்கள் தலைவர். அவர் எலும்பை அவசரப்படுத்துகிறவர் அல்ல.

வெளியே பெருங்கூச்சல் எழுந்தது.

“என்னங்க சத்தம்?” என்றார் தேர்வாளர்.

“வெள்ளகோவிலுக்கு பெனால்டியாமுங்க. ஐயாவுக்கு ரசம் ஊத்துங்கப்பா!” என்றார் தலைவர்.

மறுபடியும் கூச்சல். துணியை விலக்கிக்கொண்டு கரோலின் எட்டிப் பார்த்தார். மூச்சு வாங்கியது. “பெனால்டியப் புடிச்சுட்டானுங்க! ஐயா, ஒரு நிமிசம் வெளிய வந்து பாருங்க!”

அழகிரிசாமியின் முழங்கால் அசைந்தது. நான் பார்த்தேன். தலைவர் வருத்தத்தோடு சொன்னார்: “அம்மணி, எலையில உக்காந்தவங்கள எந்திரிக்கச் சொல்லலாமா? நீயும் ஒரு வாய் சாப்பிடு கண்ணு.”

முழங்கால் அடங்கியது. கரோலின் என்னைப் பார்த்தார். நான் ரச வாளியைப் பார்த்தேன்.

நாங்கள் பாயசத்துக்கு வந்தபோது இறுதி விசில் கேட்டது. ஒன்றுக்குச் சுழியம். கழக வரலாற்றின் முதல் வெற்றி! ஆரோன் ஏழு பந்துகளைத் தடுத்தானாம். ‘தடுத்தானாம்’ என்றுதான் எழுத முடிகிறது. கழகம் முழுவதும் பந்தியில் இருந்ததால் நேரில் கண்ட நிர்வாகி ஒருவரும் இல்லை.

“நீங்க மனசு வெச்சுப் பேர எழுதிக்கங்க” என்று கரோலின் கெஞ்சினார். அழகிரிசாமி நேர்மையான அதிகாரி. “கண்ணுல பாக்காம எழுதக் கூடாதுங்க. ரூல்ஸ்” என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட்டார்.

ஆரோன் முகமெல்லாம் மண்ணோடு பந்தலுக்குள் வந்தான். கோபப்படுவான் என்று பயந்தேன். அவனோ சிரித்துக்கொண்டே, “ஏனுங்க செயலாளரே, கறி மிச்சம் இருக்குதுங்களா?” என்று கேட்டான். இல்லை. பாயசம் இருந்தது, கொடுத்தோம்.

அடுத்த வாரம் மாவட்ட அணிப் பட்டியல் வந்தது. எங்கள் கழகத்துக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. அணி மேலாளர், நான்! என் திறமையைத் தேர்வாளர் நேரில் பார்த்திருந்தார் அல்லவா? பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் இலையில் மூன்று தடவை கறி வைத்தவன் நான்தான். அதற்காக எனக்குப் பாராட்டு விழாவும் நடந்தது. ஆரோன்தான் நாற்காலிகளை எடுத்துப் போட்டான்.

மாவட்ட அணியின் முதல் ஆட்டத்தைக் காண நானும் தேர்வாளரும் ஓரத்தில் அமர்ந்தோம். அன்று விருந்து இல்லாததால் ஆட்டம் முழுவதும் கண்ணில் பட்டது. அழகிரிசாமி நேரில் பார்த்துத் தேர்ந்தெடுத்த கோல்கீப்பர் இடைவேளைக்குள் ஐந்து கோல் வாங்கினார். ஐந்தாவது கோலுக்கு அழகிரிசாமி தலையில் அடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க, நம்ம கோயமுத்தூர்ல கோல் புடிக்கறதுக்கு உருப்படியா ஒருத்தன்கூடவா இல்ல?”

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வரலாற்றில் நான் சொன்ன ஒரே உண்மையை அப்போதுதான் சொன்னேன்.

“இருக்கானுங்க. அவன் புடிக்கறப்ப நாம ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு இருந்தோமுங்க.”