கொசுவலை விசேஷம்

சின்னமனூர்,
வெள்ளிக்கிழமை காலை.

கோயம்புத்தூரில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து ஊர் உலகத்துக்கெல்லாம் வியாபாரம் சொல்லிக்கொடுக்கும் என் மைத்துனன் சிரஞ்சீவி வினோத்ராஜுக்கு, உன் அக்காள் புருஷன் பொன்னுராஜ் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நாங்கள் உடம்புக்கு நலம், கடைதான் நலமில்லை. நீயும் ஜான்சியும் நலமாகவே இருப்பீர்கள். யோசனை சொல்கிறவர்களுக்கு எப்போதும் ஒன்றும் ஆவதில்லை. போனில் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன் மாமா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது நம் கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து நீ சொன்னது ஞாபகமிருக்கும். ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கிற தொழிலுக்கு விளம்பரமே வேண்டாம், அடித்துக்கொண்டவர் நாலு பேரிடம் சொன்னால் போதும், அப்படி ஆள் அனுப்புகிறவருக்குச் சின்னதாக ஒரு பரிசு கொடுத்துக் கௌரவித்தால் அவர் இன்னும் பத்துப் பேரை அனுப்புவார் என்றாய். உண்மையில் நமக்கு ஆள் அனுப்புவது கொசுதான். ஒரு வீட்டில் வலை அடித்தால் அது பக்கத்து வீட்டுக்குப் போய் அவர்களை நம்மிடம் விரட்டிவிடுகிறது. கொசுவைக் கூப்பிட்டுக் கௌரவிக்க முடியாது என்பதால் மூக்கம்மாளைத் தேர்ந்தெடுத்தேன். அந்த அம்மாள் ஒரே மாதத்தில் நாலு வீட்டை அனுப்பியவர்.

ஒரு எவர்சில்வர் குடம் வாங்கினேன். அத்தோடு விட்டிருக்கலாம். உன் அக்காள் சண்முகத்தாய், "வெறுங்கொடத்தையா கொண்டுட்டுப் போவாக? பாக்குறவுக என்ன நினைப்பாக?" என்று தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, பூ எல்லாம் அடுக்கி, தானும் பட்டுச்சேலை கட்டி வண்டியில் ஏறிக்கொண்டாள். தட்டோடு நாங்கள் வாசலில் நிற்பதைப் பார்த்து மூக்கம்மாள் திகைத்துவிட்டார். "எங்க வீட்டுல ஒரு விசேஷமும் இல்லையேண்ணே" என்றார். "நீங்க ஆள் அனுப்புனதுக்குத்தான் தாயி" என்றேன். அவருடைய வீட்டுக்காரர் வேலுச்சாமி, வாழைத்தோப்பு வைத்திருப்பவர், குடத்தை வாங்கித் தட்டிப் பார்த்தார். முகம் இறுகிப் போனது. "செய்முறை செஞ்சுட்டீக. இனிமே நாங்க சும்மா இருக்கக் கூடாது" என்றார். நான் அதை நன்றி என்று நினைத்துப் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன்.

நம் பக்கத்தில் ஒருவர் செய்முறை செய்தால் வாங்கியவர் அதற்கு மேல் ஒரு பிடி கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதைக் கோயம்புத்தூர் போய் நீ மறந்திருக்கலாம். நான் இங்கேயே கிடந்துகொண்டு மறந்தேன் பார், அதுதான் என் தலையெழுத்து.

எட்டாம் நாள் கடை வாசலில் மேளச் சத்தம். யார் வீட்டுக் காதுகுத்தோ என்று நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு குட்டியானை வண்டி நிறைய பதினெட்டுப் பேர், ஒரு அண்டா, இரண்டு வாழைத்தார், ஒரு கிடாய். வேலுச்சாமி இறங்கி வந்து, "நீங்க கொடம் செஞ்சீக, நாங்க அண்டா செய்யலேன்னா சொந்தக்காரக முன்னாடி தலைகாட்ட முடியாதுல்ல" என்றார். வந்தவர்களுக்குச் சாப்பாடு போடாமல் அனுப்ப முடியுமா? உன் அக்காள் அவர்கள் கொண்டுவந்த அண்டாவிலேயே அவர்களுக்குச் சமைத்துப் போட்டாள். கிடாயைக் கடைக்குள் கட்டினோம். கம்பத்திலிருந்து விலை விசாரிக்க வந்த ஒருவர் முன்னால் அது முதல்தரமான நைலான் வலையில் இரண்டு முழம் தின்றுவிட்டது. "ஆடு திங்கிறதக் கொசு திங்காதா?" என்று கேட்டுவிட்டு அந்த மனிதர் வந்த ஜீப்பிலேயே திரும்பிப் போனார்.

இதற்கு ஊரில் கொசுவலை விசேஷம் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பிடித்தது சனி. நமக்கு ஆள் அனுப்பினால் நாம் போய்ச் செய்முறை செய்வோம், பிறகு அவர்கள் அண்டா தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று ஊரே நடுங்குகிறது. டீக்கடை முத்துப்பாண்டி இரண்டு பேரை அனுப்பியவன். கத்தரிக்காய்ப் பையோடு நான் போவதைப் பார்த்துப் பாதி ஷட்டரை இழுத்துவிட்டு, "அண்ணே, சத்தியமா நான் யாரையும் அனுப்பல, அவுகளா வந்தாக" என்கிறான். பாண்டீஸ்வரி என்று ஒரு அம்மாள் கடைக்குள் வந்தார். வழக்கம்போல, "யாரு சொல்லி வந்தீக?" என்று கேட்டுவிட்டேன். "யாரும் சொல்லலண்ணே, பஸ் ஸ்டாண்டுக்குப் போக வழி தெரியாம உள்ள வந்துட்டேன்" என்று ஓடிப்போனார். அவர் வீடே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்தான்.

சரி, பயத்தைப் போக்குவோம் என்று ஒரு பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தேன். "ஆள் அனுப்பியவர்களுக்கு ஒன்றும் செய்ய மாட்டோம்" என்று எழுதிக் கொடுத்தேன். அடித்தவன் "ஆள் அனுப்பியவர்களை ஒன்றும் செய்ய மாட்டோம்" என்று அடித்து, நான் வீட்டில் தூங்கும்போதே வாசலில் கட்டியும் விட்டான். ஒரு சொல்லின் வால்தான் மாறியது மாப்பிள்ளை, போலீஸ்காரர் வந்துவிட்டார். "பயப்படாமச் சொல்லுங்க, உங்க மேல ஆள் அனுப்புனது யாரு?" என்றார். நான் பதற்றத்தில், "மூக்கம்மா சார், நாலு ஆள் அனுப்புனாக" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் நேரே அங்கே போய் விசாரித்திருக்கிறார். இப்போது வேலுச்சாமி, இன்று என்னை நேரில் பார்த்துப் பேச வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.

மூன்று வாரமாகக் கடையில் ஒரு ஜன்னலுக்குக்கூட வேலை வரவில்லை. இருபது வருஷத் தொழில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ராத்திரி சோறு இறங்கவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ கட்டாயம் வந்து, கம்பெனிக்காரன் கொடுப்பது பரிசு, அது செய்முறை ஆகாது என்று வேலுச்சாமிக்கும் ஊருக்கும் உன் வாயால் விளக்க வேண்டும். தீ வைத்தவனே வந்து அணைப்பதுதான் மரியாதை. வரவில்லையென்றால் இனி இந்த வீட்டில் உனக்குத் தலைவாழை இலை கிடையாது.

உனக்கும் ஜான்சிக்கும் பதினாறும் பெற ஆசி கூறி, யோசனை மட்டும் பெறாதிருக்க வேண்டும் என்று சேர்த்து வேண்டிக்கொள்ளும்,
பொன்னுராஜ்.

பி.கு.: கூரியருக்குக் கொடுப்பதற்குள் வேலுச்சாமி வீட்டுக்கே வந்துவிட்டார். நான் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன். அவரோ, "போலீசு வந்தது கெடக்கட்டும், கடையில ஏன் ஆளே இல்ல?" என்றார். சொன்னேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார். "கடை படுத்துருச்சுன்னா நாங்க செஞ்சது எப்படித் திரும்பி வரும்?" என்று கேட்டார். பிறகு அங்கனயே உட்கார்ந்து ராயப்பன்பட்டியிலிருந்து கம்பம் வரை உள்ள தன் சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் போன் போட்டு, "வலை அடிங்க, இல்லேன்னா நம்ம செய்முறை முங்கிப்போகும்" என்று அதட்டினார். இருபத்தாறு வீடு. நாளை வேலை ஆரம்பம். ஆகவே மேலே உன்னைத் திட்டியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். நீ சொன்ன யோசனை தங்கம். ஞாயிற்றுக்கிழமை நீ வரவும் வேண்டாம். இத்தனைக்கும் காரணம் நீதான் என்று தெரிந்ததும், உனக்குச் செய்யாமல் விட்டால் குற்றம் என்று வேலுச்சாமியும் உன் அக்காளும் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள். அன்று நாங்களே அங்கே வருகிறோம். வேனில் முப்பத்திரண்டு பேர். ஜான்சியிடம் சமையலுக்குச் சொல்லிவிட்டு, உங்கள் அடுக்குமாடி லிஃப்டுக்குள் பீரோ நுழையுமா என்று மட்டும் அளந்து சொல். நீ திருப்பிச் செய்ய ஒன்றும் அவசரமில்லை. அடுத்த மாதத்துக்குள் செய்தால் போதும் என்று சண்முகத்தாய் சொல்லச் சொன்னாள்.