பச்சை விளக்கு

மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு படுப்பதைவிடச் சந்நியாசம் வாங்கிக்கொள்வது மேல் என்று வேன்காரர் முடிவு செய்தார். ஆனால் சந்நியாசிக்கு வேன் சாவி தேவைப்படாது. அவருக்குத் தேவைப்பட்டது. அங்கேதான் சிக்கல்.

சாவி மனைவியின் கைப்பையில் இருந்தது.

போன வாரம் சிக்னலில் நின்றபோது ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி கண்ணயர்ந்துவிட்டார். வண்டி நிறையப் பள்ளிப் பிள்ளைகள். "மாமா, பச்சை! மாமா, பச்சை!" என்று கோரஸாகக் கத்தியும் எழவில்லை. கடைசி சீட்டுப் பொடிசு ஒன்று வந்து காதைத் திருகிய பிறகுதான் வண்டி நகர்ந்தது. செய்தி அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை டிரைவர் சீட்டில் அவள் ஏறி உட்கார்ந்தாள். அவள் லைசென்ஸ் எடுத்த நாளில் விழுந்து விழுந்து சிரித்தவர் இவர்.

பிறகு டாக்டர். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறதாம். பகலில் தூங்கி வழிவது அதனால்தானாம். மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு படுத்தால், ஒரு மெஷின் அதன் வழியாக ஊதும் காற்று தொண்டையைத் திறந்து வைக்கும். உடம்புக்குள் ஓடும் கடிகாரமும் தாறுமாறாகிவிட்டது; நேரத்துக்குப் படுக்க வேண்டும், காலை வெளிச்சத்தில் எழ வேண்டும் என்றார்.

"என் கடிகாரம் எனக்குத் தெரியாதா? அலாரமே இல்லாம எந்திரிக்கிறவன்டி நான்."

"கடிகாரம் இருக்கு. ராத்திரி பூரா நின்னு நின்னுல்ல ஓடுது."

"நின்னா உனக்கென்ன?"

"நிக்கும்போது பக்கத்துல படுத்திருக்கிறது நான்." அவள் சிரிக்கவில்லை. "அடுத்த மூச்சு வர்ற வரைக்கும் நானும் விடறதில்லை."

"சாவி எப்போ?" என்றார்.

வாடகைக்கு எடுத்து வந்த மெஷினின் நெற்றியில் எரிந்த பச்சைப் பொட்டைக் காட்டினாள். "நீங்க மாட்டியிருக்கிற நேரத்தை இது எண்ணிக்கிட்டே இருக்கும். நிறைய சேரணும். அப்புறம் டாக்டரும் சரின்னு சொல்லணும். அப்போ சாவி."

எண்ணும் என்றால் ஏமாற்றவும் முடியும். அவள் சமையலறைக்குள் போனதும் குழாய் முனையில் இருந்த முகமூடியைத் தலையணைக்கு மாட்டி ஸ்விட்சைப் போட்டார். காற்று நாலாபக்கமும் சீறியது. மெஷின் விசிலடித்தது.

"என்னங்க, தலையணைக்கு மூச்சு முட்டுதா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

சரி, மாட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் ராத்திரிதான் மாட்ட வேண்டும் என்று யார் சொன்னது? மறுநாள் அவள் வேனை எடுத்துக்கொண்டு போனதும், கூடத்துச் சாய்வு நாற்காலியில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்து மாட்டிக்கொண்டார். எதிர்க் கண்ணாடியில் ஒரு யானைக்குட்டி பேப்பர் படித்துக்கொண்டிருந்தது. ஓடட்டும், எண்ணட்டும் என்று தலைப்புச் செய்தியை ஆரம்பித்தார்.

கண் திறந்தபோது பேப்பர் தரையில் கிடந்தது. அவள் திரும்பி வந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலைமேல் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. அதை அவர் வெளியே சொல்லவில்லை.

மூன்று நாள் இப்படியே. பகல் தூக்கம் ராத்திரித் தூக்கத்தைத் தின்றுவிட்டது. கட்டிலில் புரண்டார்.

"தூக்கம் வரலைன்னா அதை மாட்டிப் பாருங்க. எண்ணிக்கையாவது ஏறும்" என்றாள், திரும்பிப் படுத்தபடியே.

நியாயமாகப் பட்டது. மாட்டினார். காலையில் வெயில் முகத்தில் விழுந்து எழுப்பியது. ஜன்னல் திரைச்சீலைகளைத் துவைக்கப் போட்டிருந்தாள். திரும்ப மாட்டக் காணோம். வெயிலில் எழுந்ததால் பகலில் கண் சொக்கவில்லை. பகலில் சொக்காததால் ராத்திரி நேரத்துக்குத் தூக்கம் வந்தது. ஒரு மாதம் போனது. டாக்டர் மறுபடி சோதித்துப் பார்த்து, ஓட்டலாம், ஆனால் மெஷினை விட்டுவிடக் கூடாது என்றார்.

அன்று காலை சாவி கைக்கு வந்தது. சாவியோடு தைரியமும் வந்தது.

"இந்தாடி, ஒண்ணு சொல்லட்டா? முதல் மூணு நாள் கணக்கு திருட்டுக் கணக்கு. பகல்ல நாற்காலியில உட்கார்ந்து ஏத்தினது. உன்னை ஏமாத்திட்டேன்!"

"தெரியுங்க. பின்னே நாற்காலி வரைக்கும் ஒயரை இழுத்து வச்சது யாரு?"

அவர் திரும்பி நாற்காலியைப் பார்த்தார்.

"மாட்டுங்கன்னு சொன்னா மாட்ட மாட்டீங்க. ஏமாத்தணும்னா மாட்டித்தானே ஆகணும்?"

துவைக்கப் போன திரைச்சீலைகள் ஏன் திரும்பவில்லை என்பதும் விளங்கியது. இவளிடம் போய் ஒரு வேனைக் கொடுத்தோமே, ஒரு நாட்டையே கொடுத்தாலும் இடிக்காமல் ஓட்டுவாளே என்று அவருக்கு மலைப்பாக இருந்தது. அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் போயிருந்ததை அப்போதுதான் பார்த்தார்.

ஆனாலும் தன் சாதனை என்று ஏதாவது மிஞ்ச வேண்டாமா?

"அது கிடக்கட்டும். மெஷின் மொத்தம் எவ்வளவுதான் எண்ணியிருக்கு?"

"அது பழைய மெஷினுங்க, எண்ணத் தெரியாது. பச்சை விளக்கு, கரண்ட் இருக்குன்னு எரியறது."