‘பல்’ என்பது யாதெனில்

உலகத்தில் எத்தனையோ அரசுகள் மக்களின் வாயை அடைத்திருக்கின்றன. அந்த வாய்க்குள் எட்டிப் பார்த்து, உள்ளே இருப்பதற்கு இலக்கணம் வகுத்துக் கொடுத்த அரசு நம்முடையது ஒன்றுதான். அந்த இலக்கணம் முதன்முதலில் அரங்கேறிய பெருமை தென்காசிக்கு உரியது.

‘மருத்துவ நிலைய ஒழுங்காற்று விதிகள்’ வந்ததே போலி டாக்டர்களை ஒழிக்கத்தான். ஒரு குழு அதை ஆங்கிலத்தில் எழுதியது. இன்னொரு குழு தமிழ்ப்படுத்தியது. இரண்டு குழுவும் நேரில் சந்தித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. அதன்படி, பல துறைகள் கொண்ட பெரிய ஆஸ்பத்திரிக்கு ‘பல் மருத்துவமனை’ என்று பெயர். பல்கலை, பல்லூடகம், பல்நோக்கு மாதிரி. நிஜமான பல்லுக்கு வைத்தியம் பார்க்கிற இடத்துக்கு என்ன பெயர் என்று யோசிக்க மறந்துவிட்டார்கள். குழுவில் யாருக்கும் அன்றைக்குப் பல் வலிக்கவில்லை.

முத்துவடிவு கடையத்துப் பெண். அவள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். தாண்டியவள் நிற்காமல் பல் டாக்டராகவே ஆகி, தென்காசியில் ஒரு சிப்ஸ் கடையின் மாடியில் ‘வடிவு பல் மருத்துவமனை’ என்று போர்டு மாட்டியிருந்தாள். ஒரு நாற்காலி, ஒரு டாக்டர். ஒழுங்கு அலுவலர் கிங்ஸ்லி மூச்சு வாங்கப் படியேறி வந்தபோது, அந்த நாற்காலியில் பொட்டல்புதூர் ஹைருன் பீவி வாயைத் திறந்தபடி படுத்திருந்தாள். கீழ்க் கடைவாய்ப் பல்லில் சீழ். வேர் சிகிச்சை பாதி முடிந்திருந்தது. இன்னும் ஒரு தடவை வந்தால் பல் தங்கிவிடும்.

“பிரசவ வார்டு எங்கம்மா?” என்றார் கிங்ஸ்லி.

“சார், இது பல்லு பாக்குத இடம்.”

“அதான் கேக்கேன். பல் மருத்துவமனைன்னா பிரசவ வார்டு, எலும்பு வார்டு, லிப்டு, ஆம்புலன்ஸ் எல்லாம் இருக்கணும்லா. விதி நாலு.”

“பல்லுன்னா பல்லு சார். வாய்க்குள்ள இருக்குமே, அது.”

“வாய்க்குள்ள இருக்கது பற்கள். நீங்க போர்டுல ‘பற்கள்’னு போடலியே. ஒத்தப் பல்லுக்கு யாராவது ஆஸ்பத்திரி கட்டுவாவளா? அப்ப பல்னா பலதுன்னுதானே அர்த்தம்?”

முத்துவடிவு ஐந்து வருஷம் பல் மருத்துவம் படித்தவள். இந்தக் கேள்வி எந்தத் தாளிலும் வந்ததில்லை.

ஹைருன் பீவி வாயில் பஞ்சோடு ஏதோ முனகினாள்.

“என்ன சொல்லுதாவ?”

“வலிக்குன்னு சொல்லுதாவ.”

“மனுவா எழுதித் தரச் சொல்லுங்க” என்று கனிவோடு சொன்னார் கிங்ஸ்லி. பிறகு ஆணையை வாசித்தார். சான்று கிடைக்கும்வரை இந்நிலையத்தில் எவருடைய வாயும் திறக்கப்படலாகாது.

“அப்ப அந்தச் செல்லப்பா? ஐந்தருவி ரோட்டுல குறடு வச்சுக்கிட்டு வாறவன் போறவன் பல்லையெல்லாம் பிடுங்குதாரு. அவரு என்ன படிச்சிருக்காரு?”

“அவரு ‘செல்லப்பா பல்பொருள் அங்காடி’ன்னு உரிமம் வாங்கியிருக்காரும்மா. அது கடை. நம்ம விதி கடைக்குப் பொருந்தாது. நான் உங்களுக்கு எதிரி இல்ல. பேரை மாத்துங்க, சட்டுனு முடிச்சுத் தாரேன்.”

மாற்றினாள். ‘வடிவு தந்த மருத்துவமனை’. தந்தம் என்றாலும் பல்தானே. மறுநாளே மலையடிவாரத்திலிருந்து ஒரு வனத்துறை ஜீப் வந்தது. காக்கிச் சட்டைக்காரர்கள் இருவர் இறங்கி, மாடியை அண்ணாந்து பார்த்தார்கள்.

“தந்தத்துக்கு வைத்தியம் பாக்கியளாமே. யானை எங்கன நிக்கி?”

“மாடியிலயா சார் யானை நிக்கும்?”

“அதான் லிப்டு இருக்கான்னு பாத்தோம்.”

யானை அகப்படவில்லை. ‘கடமை தவறாத’ அவர்கள், மேசையில் இருந்த பிளாஸ்டர் பல் மாதிரியைச் சோதனைக்கு எடுத்துப் போனார்கள்.

முத்துவடிவு அகராதியைப் புரட்டினாள். பழந்தமிழில் பல்லுக்கு எயிறு என்று பெயர். ‘வடிவு எயிற்று மருத்துவமனை’. இனி எவன் என்ன சொல்ல முடியும் என்று பெயின்டரிடம் எழுதிக் கொடுத்தாள். பெயின்டர் நல்ல மனிதர். படித்த பிள்ளை அவசரத்தில் எழுத்துப் பிழை விட்டிருக்கிறது என்று தானே திருத்தி, ‘வயிற்று மருத்துவமனை’ என்று சிவப்பில் எழுதி, அவள் வருமுன் மாட்டியும் விட்டார். குற்றாலத்தில் சீசன் உச்சம். அருவியில் நனைந்த பசியில் புரோட்டாவைக் கணக்கில்லாமல் உள்ளே தள்ளியவர்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் வரிசை கட்டி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கிங்ஸ்லி நின்றார்.

“ஒரே துறை. ரொம்பச் சரி. நீங்க வயித்துக்குப் படிச்சியளாம்மா?”

“இல்ல சார். பல்லுக்கு.”

“பல்லுக்குப் படிச்சிட்டு வயித்துக்குப் போர்டு போட்டா அதுக்குப் பேரு என்ன?”

வாய்வரை வந்த கெட்ட வார்த்தையை அவள் மென்று விழுங்கினாள்.

“போலி” என்றார் அவர், தேர்வில் விடை சொல்கிற பிள்ளை போல. விதிகள் பிறந்த பிறகு மாவட்டத்தில் பிடிபட்ட முதல் போலி டாக்டர் முத்துவடிவு. கதவில் அரக்கு வைத்தார்கள். கிங்ஸ்லிக்கு அலுவலகத்தில் சால்வை போட்டார்கள். போலி ஒழிப்பு விழாவுக்குத் தாம்பூலப் பையும் நினைவுப் பரிசும் வழங்கி உபயம் செய்தது, செல்லப்பா பல்பொருள் அங்காடி.

அந்த வாரமே ஹைருன் பீவிக்கு முகம் ஒரு பக்கமாக வீங்கிக் கண் மூடிக்கொண்டது. திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு முத்துவடிவு பஸ் ஏறிப் போனாள்.

“கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா பீவிம்மா? எப்படியும் திறந்திருப்பேன்லா.”

“உன் கதவுல பூட்டுல்லா தொங்குது புள்ள. ராவும் பகலும் தெறிக்கி. நான் எங்கன போவ?” வாய் முழுதாகத் திறக்கவில்லை. பல்லிடுக்கில் பேசினாள். “செல்லப்பா அண்ணாச்சி ஒரே இழுப்புன்னாரு. இழுத்தாரு. வலி மட்டும் போவல.”

“எந்தப் பல்ல?”

ஹைருன் பீவி தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து அவிழ்த்தாள். கடையாச்சே, வாங்கினதைக் கையில் கொடுத்துத்தான் அனுப்பியிருந்தார்கள்.

முத்துவடிவு அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சொத்தை இல்லை, கறை இல்லை. இன்னும் இருபது வருஷம் எலும்பு கடிக்கக்கூடிய பல். சீழ் பிடித்த பல் அதற்குப் பக்கத்தில், இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒழுங்காற்று விதிகள் ஓர் எழுத்துப் பிசகாமல் நிறைவேறிவிட்டன. நல்லதைப் பிடுங்கியாயிற்று. சொத்தை பத்திரமாக இருக்கிறது.