சாடிக்கும் ஆபரேஷன்

சிவப்பு விழுந்தால் சாவு, நீலம் விழுந்தால் வாழ்வு. பேருந்து நிறுத்தத்திலிருந்து முடிதிருத்தும் கடை வரை இதே பேச்சு. துணிக்கடைக்கு மேல்மாடியில் காரத்தண்ணி ஐயா கூட்டம் போடத் தொடங்கிய மூன்றாவது வாரம், படியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டார்கள். ஏறுகிறவர்கள் கையில் காலி பாட்டில், இறங்குகிறவர்கள் கையில் நிறைந்த பாட்டில். தலை மட்டும் நேர்மாறு. ஏறும்போது அதில் கொஞ்சமாவது இருந்தது.

ஐயாவின் தத்துவம் உள்ளங்கையில் அடங்கும். உடம்பில் புளிப்பு ஏறினால் புற்று. காரம் ஏற்றினால் புற்று ஓடிவிடும். நாக்கில் ஒரு துண்டுக் காகிதம் வைப்பார். சிவந்தால் உள்ளே புற்று இருக்கிறதாம். பிறகு அவருடைய தண்ணீரில் மூன்று மடக்கு குடித்துவிட்டு இன்னொரு காகிதம். நீலம்! உடனே கைதட்டல்.

ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், காரம் என்றால் மிளகாய் என்று நினைத்து ஒரு வாரம் பச்சை மிளகாயாகக் கடித்துத் தள்ளி, உதடு வீங்கி வந்து நின்றார். ஐயா சொன்ன காரம் சோப்பில், சோடாவில் இருக்கிற காரம் என்று பாவம் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"அதுவும் ஒரு வகையில நல்லதுதான்" என்றார் ஐயா.

ஐயாவுக்கு எல்லாமே ஒரு வகையில் நல்லதுதான்.

இந்தக் கூட்டத்துக்குத்தான் தையல்கார அக்கா தன் தம்பியையும் வரச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் மார்பில் ஒரு கட்டி. புற்றுதான், ஆனால் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டோம், செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நாள் முழுக்கக் கத்தரியோடு புழங்குகிறவள், தன்மேல் கத்தி படப்போகிறது என்றதும் ஒடுங்கிப்போனாள். கத்தி இல்லாமல் குணமாகும் என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது?

தம்பி பொது நீச்சல் குளத்தைப் பராமரிக்கிறவன். தினமும் காலையில் ஒரு குழாயில் குளத்துத் தண்ணீரைப் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்ப்பதுதான் முதல் வேலை. புளிப்பு ஏறியிருந்தால் சோடா, காரம் ஏறியிருந்தால் அமிலம். அன்றைக்குக் குளத்தைப் பூட்டிவிட்டு ஓடி வந்ததில் பத்து நிமிடம் தாமதம். வந்தவன் நேரே வரிசையில் போய் நின்றான்.

அக்காவின் நாக்கில் வைத்த காகிதம் சிவந்தது. அவள் முகம் வெளுத்தது. அடுத்தது தம்பி. காகிதம் சிவக்கவே இல்லை.

ஐயா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் தம்பி, வாசல்ல சாறு குடிக்கலையா?"

"இல்லீங்க, லேட்டா வந்துட்டேன்."

"உபசாரம் பண்ணினா மறுக்கக் கூடாது. போய்க் குடிச்சிட்டு வாங்க."

வாசலில் ஒரு கண்ணாடிச் சாடி நிறைய எலுமிச்சைச் சாறு. வருகிற எல்லாருக்கும் அன்போடு ஒரு தம்ளர். குடித்துவிட்டு வந்தான். காகிதம் செக்கச்செவேல் என்று ஆனது. கூட்டம் "அடடா" என்று அவனுக்காக இரக்கப்பட்டது. அவனுக்கு மட்டும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

சிவப்பு எலுமிச்சையின் புளிப்பு, நீலம் தண்ணீரில் கலந்த சோடா என்று வழியெல்லாம் எடுத்துச் சொன்னான். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நீலமா மாறினத என் கண்ணால பார்த்தேன்டா. ஆஸ்பத்திரிக்குப் போய் நான் வரலைன்னு சொல்லிட்டு வா" என்றாள்.

போனான். டாக்டரம்மா கோபப்படவில்லை.

"புத்து இருக்கிற இடத்தைச் சுத்திப் புளிப்பு இருக்கிறது நிஜம்தாங்க. ஆனா அந்தப் புளிப்பை உண்டாக்குறதே அந்தச் செல்தான். தன் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசல்ல கொட்டுறவங்க இருக்காங்கல்ல, அந்த மாதிரி. உள்ளே உண்டாகிற அமிலத்தை வெளியே தள்ளிக்கிட்டே இருக்கும். அக்கம்பக்கத்து நல்ல செல்லெல்லாம் அதுல தவிக்கும். இது மட்டும் அதுக்குத் தகுந்த மாதிரி தன்னை மாத்திக்கிட்டு சௌக்கியமா இருக்கும்."

"அப்போ காரத் தண்ணி குடிச்சா?"

"வயித்துல இருக்கிற அமிலத்துல விழுந்து அங்கேயே தீர்ந்துடும். ரத்தத்தோட புளிப்பு-கார அளவைச் சிறுநீரகமும் நுரையீரலும் காவல் காக்குது. இன்னொண்ணு, புத்துச் செல்லோட உள்பக்கம் ஏற்கெனவே கொஞ்சம் காரமாத்தான் இருக்கும். அவர் விக்கிற சரக்கு அதுக்குப் புதுசில்ல." பிறகு மெல்லச் சொன்னார்: "செவ்வாய்க்கிழமை உங்க அக்காவோட இடம் அப்படியே இருக்கும். தள்ளிப் போட்டா கட்டி காத்திருக்காது."

அந்தக் கடைசி வார்த்தையில் அவன் பயந்துபோனான். அம்மாவுக்குப் பிறகு அவனுக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை மேல்மாடி மண்டபத்தில் உட்கார இடமில்லை. அக்கா பக்கத்திலிருந்து தம்பி எழுந்து நின்றான்.

"ஐயா, உங்க நாக்கையும் ஒரு தடவை பார்க்கலாமா?"

"தாராளமா." நீலம். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"இப்போ ஒரு தம்ளர் சாறு குடிச்சிட்டுக் காட்டுங்க."

"எனக்குச் சளி" என்றார் ஐயா. புற்றையே விரட்டுகிறவருக்குச் சளி!

வீங்கிய உதட்டோடு தபால்காரர் எழுந்தார். "குடிங்கய்யா. உபசாரத்தை மறுக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க?"

கூட்டம் முழுக்க ஐயா வாயையே பார்த்தது. குடித்தார். தம்பி காகிதத்தை வைத்தான். சிவப்பு.

"ஐயோ, ஐயாவுக்கே புத்து!" என்று ஒரு குரல் நிஜமாகவே அழ ஆரம்பித்தது. பக்தி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

அக்கா எழுந்தாள். மேசையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் சாடிக்குள் முக்கினாள். இரத்தச் சிவப்பு. அதை உயர்த்தி எல்லாருக்கும் காட்டினாள்.

"ஏன்டா தம்பி, அப்போ இந்தச் சாடிக்கும் ஆபரேஷன் பண்ணணுமா?"

முதலில் தபால்காரர் சிரித்தார். அப்புறம் மண்டபமே சிரித்தது. சிரித்து முடித்து ஐயாவைத் தேடினால், பின்பக்கப் படியில் செருப்புச் சத்தம்தான் கேட்டது.

அக்கா சிரிக்கவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்குடா."

"எனக்குந்தான்க்கா."

"செவ்வாய்க்கிழமை காலையில சீக்கிரம் வந்துடு. ரெண்டு பேரும் போவோம்."

போனார்கள். கட்டியை எடுத்தார்கள். இன்னும் சிகிச்சை பாக்கி இருக்கிறது. தையல் மெஷினுக்குத் திரும்பக் கொஞ்ச நாளாகும்.

ஐயா இந்நேரம் வேறு ஊரில் எலுமிச்சை பிழிந்துகொண்டிருப்பார். கண்ணுக்குத் தெரியாத ஒரு செல், அதற்கு மூளை கிடையாது, ஆனாலும் தன்னைச் சுற்றி என்ன இருக்கிறது என்று உணர்ந்து அதற்கேற்ப நடக்கிறது. மூளையோடு பிறந்த நாம், கையில் திணிக்கிற தம்ளரை வாயில் கவிழ்க்கும் முன், இதை எதற்குக் கொடுக்கிறாய் என்று ஒரே ஒரு தடவை கேட்டால் குறைந்தா போய்விடுவோம்?